பதினாலு பேரின் கை

கண்காட்சிக்குப் போகாமல் அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் படுத்துத் தூங்கச் சொல்லியிருந்தால் ரோஸ்மேரி சொன்னவர் காலில் விழுந்திருப்பாள். மார்ச் மாதச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கே திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் ஃபேன் ஆறு, ஓடியது மூன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வருஷம் முழுக்கச் செய்த கைவேலைகளை மேஜை மேஜையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் செய்தது என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். அதில் பதினாலு மேஜையில் இருந்த அத்தனையையும் செய்தவள் ரோஸ்மேரி.

அந்தப் பதினாலைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. கடைசி வரிசையில், ஜன்னலோரத்து மேஜைக்குப் பின்னால் நின்ற அவள் மகள் அனிஷாவைப் பற்றித்தான் கவலை. கண்காட்சிக்கென்று ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒன்று செய்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் டிராயிங் மாஸ்டர் பார்த்துவிட்டு, பிள்ளையே செய்தது என்று ஒப்புக்கொண்டால் போட்டிக்கு எடுப்பார். நம்பிக்கை வராவிட்டால் ‘பெற்றோர் உதவியுடன்’ என்று அச்சடித்த மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அனிஷா நான்கு மாதம் உட்கார்ந்து தானாகவே செய்திருந்தாள். அம்மாவிடம் ஒரு சொட்டுப் பசைகூடக் கேட்கவில்லை. அந்த மஞ்சள் சீட்டு மட்டும் ஒட்டிவிடக் கூடாது என்று, காலையில் ஜெபம் பண்ணும்போதுகூட அவள் உதடு அசைந்ததை ரோஸ்மேரி பார்த்தாள்.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது போன ஜூனில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பாஸ் பாயின் ஸ்டேஷனரி கடையில் ரோஸ்மேரிக்கு வேலை. எதிர்வீட்டு அறிவுச்செல்வி ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு ஓடி வந்து, பையன் தெர்மோகோலில் இதயம் செய்து கொண்டுபோகணுமாம், இப்போதுதான் சொல்கிறான் என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கொடுங்க, நான் செய்து தருகிறேன் என்றாள் ரோஸ்மேரி. வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது அவளுக்குப் புதிதில்லை. அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

விடியற்காலையில் எழுந்து செய்தாள். நாலு அறை, சிவப்பு ரத்தம் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், அம்புக்குறி, பெயர்ச் சீட்டு எல்லாம் அச்சடித்ததுபோல வந்தது. அறிவுச்செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து ரோஸ்மேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ரொம்ப நீட்டா இருக்கு ரோஸ்மேரி. மிஸ்ஸு நம்ப மாட்டாங்க. பிள்ள செஞ்ச மாதிரி கொஞ்சம் கெடுத்துக் குடுங்களேன்.”

சுருக்கென்றுதான் இருந்தது. கஷ்டப்பட்டு ஒட்டினதை யாருக்குக் கெடுக்க மனசு வரும்? ஆனாலும் ஒரு ஓரத்தைப் பிய்த்து, பசையை வழியவிட்டு, அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்துக் கொடுத்தாள். பையனுக்கு ‘வெரி குட்’ கிடைத்தது. மறுவாரம் ரெண்டு அம்மாமார் வந்தார்கள். ஜூலை முடிவதற்குள் பதினாலு பேர்.

கெடுத்துக் கொடுப்பதற்கும் ஒரு கை வேண்டும் என்பது போகப் போகத்தான் அவளுக்குத் தெரிந்தது. பதினாலையும் ஒரே மாதிரிக் கெடுத்தால் மிஸ் ஒரே நாளில் பிடித்துவிடுவார். அதனால் பிள்ளைக்கு ஒரு குறை என்று பிரித்து வைத்தாள். அறிவுச்செல்வி மகனுக்குப் பசை வழியும். கன்னிவாடியிலிருந்து வேனில் வரும் பெண்ணுக்கு எழுத்து வரி முடியும் இடத்தில் நசுங்கிச் சிறுத்துப்போகும். டாக்டர் மகளுக்கு வண்ணம் கோட்டைத் தாண்டும். இன்னொருத்தனுக்கு எதைச் செய்தாலும் வலப்பக்கம் சாயும். ஜூனில் சாய்ந்தவன் ஜனவரியிலும் சாய வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். பதினாலு பிள்ளைகளின் கையையும் தலைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். தன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு நாள் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போது அவளுக்கே மறந்துபோய்விட்டது.

மாசம் தவறாமல் வந்தது. ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்குச் செங்கோட்டை, ஒன்பது. செப்டம்பரில் ஆசிரியர் தின வாழ்த்து அட்டை. பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு விதமாக வகுப்பு டீச்சர் ஃபர்ஹீன் மிஸ்ஸை நேசிப்பதாக ரோஸ்மேரியே எழுதினாள். அக்டோபரில் காகிதக் கூழ் பொம்மை. அந்த மாசம் பெய்த மழையில் ஒன்றும் காயாமல், இட்லிக் கொப்பரை மேலெல்லாம் வைத்துக் காயவைத்தாள். வீட்டில் ஒரு வாரம் உப்புமா. பிப்ரவரியில் எரிமலை. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்குக் கோபம் வரும், விட்டுவிடலாம்.

டிசம்பர்தான் உறைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஏழு குடில் செய்து கொடுத்தாள். வைக்கோல் கூரை, மாட்டுத் தொட்டில், நட்சத்திரம், மூன்று ஞானிகள். ஏழு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்தால், வருஷா வருஷம் குடில் வைக்கும் மூலையில் தெர்மோகோல் குப்பை கிடந்தது. கூட்டித் தள்ளவும் தெம்பில்லை. அவள் வீட்டுக்காரர் ராயப்பராஜ் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசாத மனுஷன். கடையில் ஒரு காகித நட்சத்திரம் வாங்கி வந்து வாசலில் கட்டிவிட்டு, பூசைக்கு நேரமாச்சு வாங்க என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அனிஷாவும் அதே வகுப்புதானே, அவளுக்கு யார் செய்து கொடுத்தது என்று கேட்பீர்கள். முதல் மாசம் அவளும் கேட்டாள். செத்த பொறுடி, இதை முடித்துவிட்டு வாரேன் என்று சொன்ன ரோஸ்மேரி, கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுந்து பார்த்தபோது கத்திரிக்கோல் டப்பாவுக்குள் இருந்தது, அவள்மேல் போர்வை இருந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. மிஞ்சிய துண்டுகளை எடுத்துக்கொண்டு தானே எதையோ செய்துகொண்டு போவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறார்கள். வளர்ந்தது நிஜம்தான். எப்படி வளர்ந்தது என்று பார்க்க ரோஸ்மேரிக்கு ஒரு வருஷமாக நேரமில்லை.

நவம்பரிலிருந்து அனிஷா எதையோ சேர்த்து வைக்கிறாள் என்பது தெரியும். ராயப்பராஜ் பேட்டையிலிருந்து வந்து சட்டையை உதறினால் வெங்காயச் சருகு வாசலெல்லாம் பறக்கும். அதைப் பொறுக்கி நிறவாரியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். இது என்ன குப்பை என்று ரோஸ்மேரி ஒரு தடவை ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் குப்பைவண்டியில் கொட்டிவிட்டாள். அனிஷா அழவில்லை. மறுநாள் முதல் பாட்டில்களை அரிசித் தூக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அதுதான் இப்போது ஜன்னலோரத்து மேஜையில் இருந்தது. ரோஸ்மேரி இன்றைக்குத்தான் அதை முழுதாகப் பார்த்தாள். அரை சார்ட் அளவு அட்டை. முதுகில் மூட்டையோடு ஒரு ஆள் நம்மை விட்டு நடந்து போகிறான். மூட்டை பல்லாரி வெங்காயச் சருகின் செம்பு நிறம். உடம்பு சின்ன வெங்காயத்தின் கருஞ்சிவப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட ஒட்ட நிறம் இருண்டுகொண்டே போகிறது. தலைத்துண்டுக்குப் பூண்டுத் தோல். முகம் இல்லை. ஆனால் இடது தோள் இறங்கியிருந்த இறக்கத்தைப் பார்த்ததும் ரோஸ்மேரிக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷமாகத் தைலம் தேய்த்துவிடுகிற தோள் அவளுக்குத் தெரியாதா? பெற்ற மகள் இம்புட்டுக் கெட்டிக்காரி என்று தெரியாமல், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பசை வழியவிட்டுக்கொண்டிருந்தேனே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

டிராயிங் மாஸ்டர் ஒவ்வொரு மேஜையாக வந்தார். கூடவே ஃபர்ஹீன் மிஸ் குறிப்பேட்டோடு வந்தார். பெற்றோர் கூட்டமும் பின்னாலேயே நகர்ந்தது. அறிவுச்செல்வி மகன் மேஜையில் அவர் வெகுநேரம் நின்றார். அங்கே இருந்தது காற்றாலை. ‘சொந்தப் படைப்பு’ என்று எழுதியிருந்தது. போன வியாழக்கிழமை விடியற்காலையில் ரோஸ்மேரி செய்தது. வழிந்து காய்ந்த பசையையும் அதில் பதிந்திருந்த விரல் ரேகையையும் மாஸ்டர் தொட்டுக் காட்டி, இதுதான் குழந்தையின் கை, இந்தக் கள்ளமில்லாத்தனம்தான் கைவேலைக்கு அழகு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ரோஸ்மேரி தன் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஜன்னலோரத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார். ஃபர்ஹீன் மிஸ்ஸிடம் மெதுவாக ஏதோ கேட்டார். மிஸ் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அறிவுச்செல்வியின் குரல் வந்தது.

“அந்தப் பிள்ளையோட அம்மா ஸ்டேஷனரி கடையில இருக்காங்க சார். இதெல்லாம் அவங்களுக்குக் கைவந்த கலை.”

சொன்னது யார்? ஒரு வருஷமாக மாசம் தவறாமல் பொருளை வாங்கிக்கொண்டு போனவள். பொய் என்றும் சொல்ல முடியாது, கைவந்த கலைதான். மாஸ்டர் திரும்பி, அம்மா வந்திருக்கிறார்களா என்றார். கூட்டம் விலகி ரோஸ்மேரிக்கு வழி விட்டது. இது நீங்கள் செய்ததா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், எப்படி நம்புவது என்று. நான் செய்தது எது, என் கை எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டி வரும். காட்டுவதற்கு அந்த ஹாலில் பதினாலு மேஜை இருந்தது, பதினாலுக்கும் பின்னால் பதினாலு பிள்ளைகள் தலைசீவிப் பொட்டு வைத்து நின்றார்கள். அம்மாமார் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அறிவுச்செல்வி மகன் வேர்வை வழிய, காற்றாலையின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இந்த அம்மாமார் சாமான் வாங்கும் கடை இருக்கிறது, அப்பாஸ் பாய் இருக்கிறார், நாளைக்கும் அனிஷா இதே பிள்ளைகளோடு படிக்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் அவள் தலைக்குள் ஓடியது. ஓடி முடிவதற்குள் அவள் கண் தரைக்குப் போய்விட்டது. களைத்துப்போன உடம்புக்கு வாயும் களைத்துத்தான் போகும்போல.

“ஆமா சார். எங்கம்மாதான் செஞ்சாங்க” என்றாள் அனிஷா.

மாஸ்டர் தலையாட்டிக்கொண்டார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். மஞ்சள் சீட்டை எடுத்து அட்டையின் மூலையில், நடந்து போகிறவனின் காலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அரைமணி நேரத்தில் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு காற்றாலைக்கு.

வெளியே வந்து ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். சர்பத் வண்டியைப் பார்த்ததும் ரோஸ்மேரி ரெண்டு நன்னாரி சொன்னாள். அனிஷா குடித்தாள். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வேலை முடிந்து வரும் அவள் அப்பாவின் முகம்தான் இருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த முகம் எதற்கு? அதைப் பார்க்கத்தான் ரோஸ்மேரிக்குத் தாங்கவில்லை.

“ஏன்டி அப்படிச் சொல்லிப்புட்ட?”

அனிஷா கிளாஸை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“நீ சொல்லுவியான்னு பாத்தேன்மா. நீ தரையப் பாத்த. நீ அப்படியே நிக்கிறத என்னால பாக்க முடியல, அதான் நானே சொல்லிட்டேன்.”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அம்மாவால் எது முடியும், எது முடியாது என்று அந்தப் பிள்ளை எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறது. பஸ் வந்தது. நத்தம் ரோடு போகிற அவர்கள் பஸ்தான். ஏறச்சொல்லிக் கண்டக்டர் தட்டினார். ரோஸ்மேரி அனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். எங்கேம்மா போறோம் என்று பிள்ளை கேட்டதும் அவள் நடையை எட்டிப் போட்டாள். வாய்விட்டுச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று பயமாக இருந்தது.

மாடிப்படி முப்பத்திரண்டும் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஹாலில் கூட்டம் கலைந்திருந்தது. ஆயாம்மா கூட்டிக்கொண்டிருந்தார். ஃபர்ஹீன் மிஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு எழுந்தார்.

ரோஸ்மேரி எதையும் சுற்றி வளைக்கவில்லை. மிஸ், இங்கே வாங்க என்று முதல் வரிசைக்குக் கூட்டிப்போனாள். இது என் வேலை, இதுவும் என் வேலை என்று ஒவ்வொரு மேஜையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எதை எதற்காகக் கெடுத்தாள் என்றும் சொன்னாள். காற்றாலையின் பசையில் பதிந்த ரேகைமேல் தன் விரலை வைத்தே காட்டினாள். எங்கும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னலோரத்து மேஜைக்கு வந்ததும் நின்றாள்.

“இது நான் செஞ்சதில்ல மிஸ். எனக்கு இது வராது.”

தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றார் ஃபர்ஹீன் மிஸ். பன்னிரண்டு அட்டையை ஒரே நாளில் வாங்கியபோதே தெரியும். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், மாசம் ஒரு புராஜெக்ட் வாங்கியே ஆகவேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு, மேஜை நிறைந்தால் போதும் என்று அவரும் கண்ணை மூடிக்கொண்டாராம். நானும் அலுத்துப்போய்த்தான் அக்கா இருக்கேன் என்றார். இனிமேல் பரிசை ஒன்றும் பண்ண முடியாது, பையன் கழுத்தில் மெடலோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

“பரிச விடுங்க மிஸ். அந்தப் பய என்ன பண்ணுவான், பாவம். இந்தச் சீட்ட மட்டும் எடுத்துருங்க.”

மிஸ் நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பினார். சருகு கிழிந்துவிடாமல் மெதுவாக உரித்தார். கொஞ்சம் மஞ்சள் காகிதம் அங்கேயே தங்கிவிட்டது. பேனாவை எடுத்து அட்டையின் கீழே ‘அனிஷா ராயப்பராஜ்’ என்று எழுதினார். எழுதிவிட்டு, சருகு தொட்டாலே நொறுங்குமே, இதை எப்படித்தான் ஒட்டினாய் என்று அனிஷாவைக் கேட்டார்.

அனிஷா முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். பசை போட்டால் சுருண்டுபோகும் மிஸ், அதனால் வடிகஞ்சியில் ஊறப்போட்டு, அப்பா சட்டைத் துணியில் ஒத்தி எடுத்து, பாதி ஈரத்தில் ஒட்ட வேண்டும். பழைய கஞ்சி என்றால் கறுத்துவிடும், புதுக் கஞ்சிதான் வேண்டும். தோளுக்கு மட்டும் பதினோரு அடுக்கு. முதல் தடவை சேர்த்தது போய்விட்டதால் மறுபடி சேர்க்க ஒரு மாசம் ஆனது. பேசப் பேச அவள் கை காற்றில் ஒட்டிக் காட்டியது, முகத்தில் பன்னிரண்டு வயசு திரும்பி வந்தது.

ரோஸ்மேரி பக்கத்திலிருந்த சின்ன பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகப் பதினாலு அம்மாமாரிடம் எது வேண்டும், எப்படி வேண்டும், எவ்வளவு கெடுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தவள். ஒரே வீட்டில் இருந்தும், எப்படிச் செய்தாய் என்று தன் மகளிடம் கேட்கவில்லை. மிஸ் கேட்டு, அவள் சொல்லி, இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.